தோட்டத் திடலில் பராசக்தி: சிவாஜி கணேசனின் நடிப்பு குறித்து ஒரு மறுபார்வை

சிவாஜி கணேசனின் (1928–2001) நடிப்பைப் பற்றி எழுதுவோரிற் பலர் ‘மிகைநடிப்பு’ என்னும் சொல்லில் தொடங்கி அச்சொல்லிலேயே முடித்துவிடுகின்றனர். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில் நானும் அச்சொல்லைத் தயக்கமின்றிக் கையாண்டிருக்கிறேன். அமைதியான நூலக அறையில், சிறு திரையில் அப்படங்களைப் பார்த்தவனுக்கு அம்முடிவு இயல்பாகவே தோன்றியது. அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் என் தந்தையார் தலைமுறையினர் அவற்றை எங்கே அமர்ந்து, எவ்வாறு கேட்டனர் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இக்கட்டுரை அப்பிழையைத் திருத்த முற்படுகிறது.

கணேசன் சிறு வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றவர். பெண் வேடமும் ஏற்றவர். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் வேடம் புனைந்ததைக் கண்டு பெரியார் வழங்கிய பெயரே ‘சிவாஜி’ என நிலைத்தது. ஒலிபெருக்கியை நம்பாமல் கடைசி வரிசை வரை சொல்லைக் கொண்டு சேர்ப்பதே அக்குழுக்கள் கற்பித்த முதற்பாடம். சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக உச்சரித்தல், உணர்ச்சியை முகத்தில் மட்டும் நிறுத்தாது தோள், கை, நடை அனைத்திலும் எழுதிக் காட்டுதல் ஆகியன அப்பயிற்சியின் விளைவுகளாகும்.

தோட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத் துணியே திரை. காற்றடித்தால் நாயகனின் முகம் நெளியும். மின்னாக்கியின் இரைச்சல் ஒருபுறம், குழந்தைகளின் அழுகை மறுபுறம். இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்து, இடம் வலமாக மாறிய உருவங்களைப் பார்த்தனர். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள் அவர்கள். இச்சூழலில் கண்ணிமையின் மெல்லசைவு யாருக்குத் தெரியும்? நாடக மேடையின் கடைசி வரிசைக்கென உருவான நடிப்பு, நகரத் திரையரங்கில் அளவு மீறியதாகத் தோன்றலாம். தோட்டத் திடலிலோ அது தன் அளவைக் கண்டுகொண்டது.

இவ்வாதத்தை எல்லாப் படங்களுக்கும் நீட்டுவது நேர்மையாகாது. எழுபதுகளின் படங்கள் பலவற்றில் இம்முறை வெறும் பழக்கமாகத் தேய்ந்தது. அவரது இருநூறாவது படமான ‘திரிசூலம்’ (1979) அதற்குச் சான்று. அடங்கி நடிக்க அவர் அறியாதவர் என்பதும் பொருந்தாது. ‘முதல் மரியாதை’ (1985) போதும்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) மலாயா விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டில் வெளிவந்தது. அப்போதும் தோட்டங்கள் பலவற்றில் துரை வெள்ளையரே. வரி கேட்கும் வெள்ளை அதிகாரியை ஒரு தமிழன் நிமிர்ந்து எதிர்க்கும் காட்சியை அத்தொழிலாளர் வெறும் வரலாறாகப் பார்த்திருக்க இயலாது. அவ்வசனத்தைத் தமிழ்ப்பள்ளி மேடைகளில் மாணவர்கள் மீசை வரைந்துகொண்டு ஒப்புவித்தனர். செந்தமிழின் ஓசையைப் பலர் முதலில் உணர்ந்தது பாடநூலிலன்று, இவ்வசனத்திலேதான் என்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். மேடையில் முழங்கிய அவ்வீரம் பெரட்டுக் களத்தில் எவ்வளவு உதவிற்று என்பது வேறு வினா.

எனினும் மலேசியத் தமிழர் மீண்டும் வாசிக்க வேண்டிய படம் ‘பராசக்தி’யே (1952). கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில் வந்த இப்படத்தைத் திராவிட இயக்கப் படமாகவே ஆய்வாளர் வாசித்துள்ளனர். நீதிமன்றக் காட்சியும் கோயிற் காட்சியும் பேசப்பட்ட அளவுக்கு, கதை இரங்கூனில் தொடங்குகிறது என்பது பேசப்படவில்லை. 1942. மதுரையில் தங்கைக்குத் திருமணம். போர்க்காலமாதலால் மூன்று அண்ணன்மாருள் குணசேகரன் மட்டுமே கப்பலேற முடிகிறது. சென்னையில் இறங்கியவன் பொருளனைத்தையும் இழக்கிறான். பின்னர்த் தமையன்மார் தரைவழியே புறப்படுகின்றனர். குண்டுவீச்சில் ஞானசேகரன் காலை இழக்கிறான்.

பர்மாவிலிருந்து நடந்தே வந்தோரின் துயரம் படத்தில் சில காட்சிகளே. ஆனால் அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையிலிருந்து மீளாதோர் மிகப் பலர். பத்தாண்டு கழித்து, கணவனையோ தமையனையோ அவ்வாறு இழந்த ஒருத்தி எஸ்.எஸ். இராஜேந்திரன் ஊன்றுகோலுடன் நடந்து வருவதைத் திரையில் கண்டபோது எதைக் கண்டிருப்பாள்? சென்னையில் எழுதப்பட்ட திறனாய்வில் இவ்வினா எழவில்லை. எழ வேண்டிய இடம் இதுவே.

படத்தின் குறையும் இங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. அதன் இரங்கூன் தமிழர் வசதி படைத்தோர், மூத்தவன் வழக்கறிஞன். கடல் கடந்த தமிழருள் மிகப் பெரும்பாலோரான கூலித் தொழிலாளருக்கு அக்குடும்பத்தில் இடமில்லை. 1953 ஆகஸ்டில் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தொழிலாளர் வருகை ஏறத்தாழ அடைபட்டது. ஊருக்குப் போனால் திரும்ப முடியுமா என்னும் கேள்வி லயங்களில் கவலையாக வளர்ந்தது. ‘பராசக்தி’யில் அக்கவலையே இல்லை. பிரிந்தோர் தமிழகத்தில் ஒன்றுசேர்கின்றனர். ஆதரவற்றோருக்கு இல்லம் தொடங்குகின்றனர். இரங்கூனுக்குத் திரும்புவது பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.