படத்துக்கு வெளியே நிற்கிறவர்கள்

சினிமாவைப் பற்றித் தமிழில் எழுதாத ஆளில்லை. கவிதைக்கு விமர்சனம் உண்டு, நாவலுக்கு உண்டு, தெருக்கூத்துக்கும் வந்துவிட்டது. போட்டோவுக்குத்தான் நாதியில்லை. கண்காட்சி நடந்தால் 'ஒளியும் நிழலும்', 'எளிய மக்களின் வாழ்வியல்' என்று ரெண்டு வரி எழுதுவார்கள், முடிந்தது கதை. யார் எடுத்தது, யாரை எடுத்தது, எடுத்த பிறகு அந்தப் படம் யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கவிதையில் ஒரு சொல் பிசகினாலும் அதற்குள் இருக்கிற சாதியைக் கண்டுபிடித்துவிடுகிற நம் தோழர்களே, தாங்கள் நடத்துகிற பத்திரிகையின் அட்டையில் சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் கிழவிக்கு அட்டையில் பெயர் இருக்காது. படம் எடுத்தவர் பெயர் மட்டும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

நான் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு கேமரா இருக்கிறது. கூட்டம், போராட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவேன். காதில் பாட்டு ஓடும். படம், பாட்டு, பழைய சங்கதி மூன்றும் எனக்கு ஒரே பஸ்ஸில்தான் வருகின்றன. இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல பக்கமிருந்தும் சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாக வந்து, கம்பு நட்டுப் புடவையைச் சுற்றிக் கூடாரம் போடுகிறார்கள். விடியற்காலையில் மணலில் படி பிடித்துக் கன்னியம்மாளைக் கும்பிடுகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, மொட்டை எல்லாம் அங்கேயே நடக்கிறது. அதே விடியற்காலையில் சென்னையிலிருந்து காரில் கேமராக்காரர்களும் வந்து இறங்குகிறார்கள். முழ நீள லென்ஸ்கள். தாலி கட்டுகிற நேரத்தில் சுற்றி வளைத்து முட்டிபோட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளையைப் பெத்தவள் எட்டி எட்டிப் பார்க்கிறாள், மகன் கல்யாணம் அவளுக்குத் தெரியவில்லை. இதை ஒரு வருஷம் பார்த்தேன், மறு வருஷமும் பார்த்தேன்.

எம்.ஏ. தமிழில் எனக்குப் பெரும்பாணாற்றுப்படை பாடம். காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடுகிற பாட்டு. எயினர் வீட்டுப் பெண்கள் கடப்பாரை போன்ற கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து வருவது அதில் இருக்கிறது. வரப்பில் எலி வளை தோண்டி நெல் எடுக்கிற இருளப் பெண்களை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். வகுப்பில் அந்த வரிகளுக்கு உரை சொன்னவர் 'பாலைத் திணை ஒழுக்கம்' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். புத்தகத்தில் இருந்தால் எயினர், கடற்கரையில் நின்றால் 'ஃபோக்'.

அந்தக் கடற்கரையிலேயே ஒரு வயசான அம்மா என் கேமராவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது. "தம்பி, என்னிய ஒண்ணு எடு." நான் முகத்துக்குக் கிட்டே போனேன். "அவ்ளோ கிட்ட வராத. காலு வருதா பாரு. காலில்லாம எடுத்தா செத்தவங்க போட்டோ மாதிரி இருக்கும்." பிறகு பேத்தியைக் கூப்பிட்டு நகையைக் கழற்றச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டது, தலையைத் தண்ணி தொட்டுப் படிய வாரிக்கொண்டது, கையைத் தொங்கவிட்டு நேராக நின்று என்னைப் பார்த்தது. சிரிக்கவில்லை.

போட்டோ கலை தெரிந்தவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார்கள். விறைப்பாக இருக்கிறது, 'போஸ்' கொடுத்திருக்கிறார்கள், இயல்பு இல்லை. அவர்களுக்கு வேண்டியது 'கேண்டிட்', அதாவது எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் எடுப்பது. நான் கேட்கிறேன்: யாருடைய இயல்பு யாருக்குத் தெரியாமல் எடுக்கப்படுகிறது? அக்ரகாரத்துப் பெரியவரை அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது எடுத்துக் கண்காட்சியில் மாட்டுவார்களா? அங்கே அனுமதி கேட்பார்கள், நாற்காலி போடுவார்கள். நம் ஜனங்களிடம் மட்டும் அழுக்கும் வேர்வையும் கலையாமல் இருக்க வேண்டும். தலை வாரிக்கொண்டால் படம் கெட்டுவிட்டது என்கிறார்கள். நம்மை நாமே எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறோமோ அதைச் 'செயற்கை' என்றும், அவர்கள் நம்மை எப்படிப் பார்க்க விரும்புகிறார்களோ அதை 'எதார்த்தம்' என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இது அழகியல் மாதிரி பேசுகிற சாதி.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெள்ளைக்காரன் இந்திய ஜனங்களைச் சாதிவாரியாகப் படம் பிடித்துப் புத்தகம் போட்டான். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கினார். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமும் பிடித்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிப்போனார்களாம். தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டனே இதை வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கேமரா என்றால் என்ன என்று அந்தப் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

சேரியில் எத்தனை வீட்டில் பாட்டனுக்குப் போட்டோ இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இருக்கிற படத்தையும் உற்றுப் பாருங்கள். முக்கால்வாசி வாக்காளர் அட்டைப் படம். 1993இல் தேர்தல் கமிஷன் போட்ட உத்தரவால் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசையில் நிற்கவைத்து எடுத்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னத்துக்கு எடுக்கிறார்கள் என்று புரியாமல் பார்க்கிற முகம். ஆள் செத்த அன்றைக்கு அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுவோம். ஸ்டூடியோக்காரர் கழுத்துக்குக் கீழே யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையை ஒட்டி, பின்னால் நீல வானம் வைத்து, முகத்தை ரெண்டு சுற்று வெளுப்பாக்கி 'கண்ணீர் அஞ்சலி' போட்டுத் தருவார். எங்க ஆயா அப்படித்தான் சுவரில் இருக்கிறது, அது வாழ்நாளில் பார்த்திராத நிறத்தில்.

நிறம் என்றதும் இன்னொன்று. கலர் பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி ஸ்டூடியோக்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அட்டைக்கே 'ஷெர்லி' என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்புத் தோல் கரி மாதிரி அப்பிக்கொண்டால் அது பிலிமின் குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. கறுப்பு மக்கள் சொன்னதைவிட, சாக்லேட் கம்பெனிக்காரனும் மர நாற்காலி விற்கிறவனும் தங்கள் சரக்கின் கருமை சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் கம்பெனிக்கு உறைத்தது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது. இங்கே 'கலரா இருக்கான்' என்றால் வெளுப்பாக இருக்கிறான் என்று அர்த்தம். கறுப்பு ஒரு கலரே இல்லை என்று மொழியும் சொல்கிறது, பிலிமும் சொன்னது.

நேராக நின்று கேமராவைப் பார்ப்பதற்கு நமக்கு ஒரு மரபு இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் தலைப்பாகையும் கோட்டுமாக நிற்கிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தவர், 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போனவர். அந்தப் படத்தில் 'இயல்பு' எதுவும் இல்லை. ஒவ்வொரு பொத்தானும் யோசித்துப் போட்டது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மனிதர். சிரிக்கமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தார், சிரிக்கிற அடிமை என்கிற சித்திரம் வெள்ளையருக்குப் பிடித்தமானது என்பதால். அண்ணலின் நீலக் கோட்டை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கடற்கரையில் பேத்தி நகையை வாங்கிப் போட்டுக்கொண்ட அந்த அம்மாவையும் நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

இனிப் பாட்டுக்கு வருவோம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது, கானாவும் ராப்பும் பறையும் ஒரே மைக்கில் வந்தன. 'சாதியற்ற' என்கிற அந்தப் பேர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. அந்த மேடையில் நின்ற அறிவு 2021 மார்ச்சில் தீயோடு சேர்ந்து கொண்டுவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' போகாத வீடில்லை, எங்க காலனியில் மஞ்சத்தண்ணி விசேஷத்துக்கும் அதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாள் சொன்னவற்றிலிருந்து பிறந்தது என்று அறிவு சொன்னார். வீடியோவில் அந்த அம்மா கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார், நேராகப் பார்க்கிறார். தமிழ்த் திரையில் கூலிக்காரக் கிழவிக்கு அப்படி ஒரு படம் அதற்கு முன்னால் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் இதழில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அட்டை கொண்டாடிய பாட்டுகளில் அறிவின் எழுத்து இருந்தது, முகம் இல்லை. பா. ரஞ்சித் போன்றவர்கள் கேட்ட பிறகு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட். ஆட்டம் மாமல்லபுரத்தில், தொடக்க விழா ஜூலை 28 அன்று சென்னையில். மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். பாட்டு கூட்டு உழைப்பு என்று அவரும் தீயும் எழுதினார்கள். எழுதியதும் மெட்டுக்கட்டியதும் பாடியதும் நான் என்று அறிவு எழுதினார். 2024இல் அந்தப் பாட்டிலிருந்து கம்பெனி தங்கள் யாருக்கும் காசே தரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார். யார் எவ்வளவு மெட்டுப் போட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என் கேள்வி அட்டையைப் பற்றியது. ஒரு பாட்டுக்குப் பல கை சேரலாம். அட்டைக்கு முகம் தேர்ந்தெடுக்கிற மேசையில் எப்போதும் ஒரே மாதிரி முகம் வெளியே போகிறதே, அது எப்படி? குரல் வேண்டும், தோல் வேண்டாம் என்கிற பழக்கம் ஷெர்லி அட்டையைவிடப் பழசு.

மாமல்லபுரம் படத்துக்கென்றே செய்த ஊர். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பார்க்க வேண்டியதைக் கைடுகள் சொல்லிவிடுவார்கள்: யானை, தவம் செய்கிற பூனை. அங்கே ஆற்றில் குளித்துவிட்டுத் துணி பிழிகிற பிராமணனும் இருக்கிறான், வில்லோடு காட்டில் போகிற வேடர்களும் இருக்கிறார்கள். பூனைக்கு இருக்கிற விளக்கம் வேடனுக்கு இல்லை. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊரில், 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் நின்று படமெடுத்துக்கொண்ட ஊரில், 2021 அக்டோபரில் ஒரு நரிக்குறவப் பெண் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் துரத்தப்பட்டதாகச் செல்போனைப் பார்த்துப் பேசினார். அந்த வீடியோ பரவியது. 29ஆம் தேதி அறநிலையத்துறை அமைச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். பட்டா வந்தது நல்லது, அதைக் குறை சொல்லமாட்டேன். அமைச்சர் சாப்பிடுகிற படம்தான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எனக்கு முக்கியமான படம் முதல் வீடியோ. எந்தக் கலைஞனும் 'கேண்டிட்'டாக எடுத்ததில்லை அது. அவரே கேமராவை நேராகப் பார்த்து, கோபமாக, வரிசையாகக் கேள்வி கேட்டது. மாசி மகத்துக்கு லென்ஸ் தூக்கி வருகிறவர்கள் அதைப் போட்டோகிராபி என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் காரணை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் அரசு உத்தரவு வந்து பஞ்சமி நிலம் என்று ஒன்று உண்டானது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டவர் தவிர யாருக்கும் விற்கக்கூடாது. அந்த நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காரணையில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. வருஷா வருஷம் அக்டோபரில் பேனரில் வருகிற ரெண்டு முகமாகத்தான் எனக்கு அவர்களைத் தெரியும். காப்பிக்குக் காப்பி எடுத்து மங்கிப்போன முகங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகளும் மனைப்பிரிவுகளும் ஏரியல் ஷாட்டில் பளபளவென்று விளம்பரத்துக்கு வருகின்றன. ட்ரோன் மேலே இருந்து எடுக்கும்போது எது பஞ்சமி, எது பட்டா என்று தெரியாது. எல்லாம் ஒரே பச்சை.

வேறு மாதிரி எடுக்கிறவர்கள் இல்லாமலில்லை. மதுரையில் மீன் விற்கிற அம்மாவின் மகன் பழனிக்குமார். 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் கேமரா பிடித்த அந்த ஆள், மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுத்தவர், உழைக்கிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத் தருகிறவர். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்கு காலத்தில் தன் வீட்டுக்காரர்களையே எடுத்தார். கூரை, கட்டில், சகோதரர் பிள்ளைகள். பரிதாபம் தேடுகிறவனுக்கு அந்தப் படங்களில் பிடி கிடைக்காது. எடுக்கிறவரும் எடுக்கப்படுகிறவரும் ஒரே சோற்றைத் தின்றவர்கள் என்பது வெளிச்சத்திலேயே தெரியும். ஒரு சின்னக் குறை எனக்கு உண்டு. இந்தப் படங்கள் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போகிற வேகத்தில் நம் ஊர் டீக்கடைப் பெஞ்சுக்கு வருவதில்லை. நூலகத்தில் இல்லை, நம் பத்திரிகைகளிலும் இல்லை.

கடற்கரை அம்மாவின் படத்தைச் செங்கல்பட்டில் பிரிண்ட் போட்டேன், எட்டுக்குப் பன்னிரண்டு. கடைப்பையன் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்க ஆரம்பித்தான், நிறுத்தச் சொன்னேன். "இருட்டா இருக்கேண்ணா" என்றான். இருக்கட்டும் என்றேன். அவங்க இருக்கிற கண்டிகையைத் தேடிப்பிடித்துக் கொடுத்தபோது அந்த அம்மா முதலில் பார்த்தது காலைத்தான். பத்து விரலும் இருந்தது. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பவுடர் போட்டிருக்கலாம்" என்றது.