சோளக்கூடைக்கு அடியில்

சாயங்கால நேரம். ஓர் அறையில் ஐந்து பிள்ளைகள் சாய்ந்தும் படுத்தும் கிடந்து வீடியோவில் ஹாங்காங் சினிமா பார்க்கிறார்கள். சௌ யுன்-ஃபாட் நடித்த ‘எ பெட்டர் டுமாரோ’. வெளியே சந்திலிருந்து சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்கிறது. ஒருவன் எழுந்து போகிறான். வீட்டுக்கு வீடு குரல் வர, ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியில் அந்த அறைக்குச் சொந்தக்காரப் பையன் மட்டும் மிஞ்சுகிறான். அவனைக் கூப்பிட அம்மா இல்லை. தாயில்லாப் பிள்ளை என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வராமல் போன ஒரு குரலே அதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து பாத்திரங்கள் தெருவில் இறங்குகின்றன. ஓர் அம்மா கிண்ணத்தை மகளிடம் கொடுத்து, எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்கிறாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? அந்த வீட்டிலிருந்து கிம்ச்சி வருகிறது. அது இன்னொரு வீட்டுக்குப் போக, அங்கிருந்து கறி வருகிறது. பிள்ளைகள் கிண்ணமும் தட்டுமாகச் சந்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து சலித்துப் போகிறார்கள். இதற்கு எல்லாருமே ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாமே என்று ஒரு பையன் அலுத்துக்கொள்கிறான். இதற்குள் அந்தத் தாயில்லாப் பையனும் அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்த வெறும் மேசை நிறைந்துவிட்டது.

‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரின் ஆரம்பம் இது. இதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அந்தச் சந்தில் குடியேறிவிட வேண்டும் போலிருந்தது. டிவிஎன் என்ற கேபிள் அலைவரிசையில் 2015 நவம்பர் 6 முதல் 2016 ஜனவரி 16 வரை வெள்ளி, சனி இரவுகளில் ஒளிபரப்பானது. 20 எபிசோடுகள், பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். கடைசி எபிசோடுக்குக் கிடைத்த ஏறத்தாழ 19 சதவீதப் பார்வையாளர் அளவு அன்றைக்குக் கொரியக் கேபிள் தொலைக்காட்சியிலேயே உச்சம். இயக்கியவர் ஷின் வொன்ஹோ, எழுதியவர் லீ வூஜொங். இருவரும் நாடகத் துறையில் வளர்ந்தவர்கள் அல்லர். ஆட்களை ஓரிடத்தில் விட்டு நடப்பதைப் படம் பிடிக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளிலிருந்து வந்தவர்கள். மனிதர்கள் சும்மா இருக்கும்போது என்ன செய்வார்கள் என்பதை அவ்வளவு நுட்பமாகக் கவனித்திருப்பதற்கு அந்தப் பயிற்சிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கதை நடப்பது சியோல் நகரின் வடபகுதியில், சங்முன்தோங்கில். அந்த அறையில் கிடந்த ஐவரில் தொக்சன் ஒருத்திதான் பெண்; ஜொங்ஹ்வான், சொன்வூ, தெக், தொங்ரியோங் நால்வரும் பையன்கள். தொக்சனின் அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார். சிநேகிதனின் கடனுக்கு ஜாமீன் நின்று மாட்டிக்கொண்டவர். அதனால் மனைவி, மூன்று பிள்ளைகளோடு பாதி மண்ணுக்குள் இறங்கிய வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். ‘பாரசைட்’ படத்தில் 2019இல் உலகமே பார்த்ததே, அந்த மாதிரி வீடு. மேலே இருப்பது வீட்டுக்காரர் குடும்பம், ஜொங்ஹ்வானுடையது. அவர்களும் ஏழைகளாக இருந்தவர்கள்தான். மூத்த பையன் வாங்கிய ஒலிம்பிக் லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்து மேலே வந்தவர்கள். சொன்வூவின் அம்மா கணவனை இழந்தவள். அந்தத் தாயில்லாப் பையன் தெக்கின் அப்பா கடிகாரக் கடைக்காரர். தொங்ரியோங்கின் அப்பா பையன்கள் படிக்கும் பள்ளியிலேயே கண்டிப்பான ஆசிரியர்.

தினசரித் தொடர்கள் நம்மைக் கட்டிப்போடும் வித்தை எல்லாருக்கும் பழகியதுதான். ஒரு சூது நமக்குத் தெரியும், கதாநாயகிக்குத் தெரியாது. அது எப்போது உடையும் என்ற தவிப்பில் அடுத்த நாளும் உட்காருகிறோம். ‘ரிப்ளை 1988’ அதே வித்தையைத்தான் கையாள்கிறது. ஆனால் இங்கே மறைத்துவைக்கப்படுவது சூது அல்ல, அன்பு. ஒருவர் இன்னொருவருக்குத் தெரியாமல் செய்த நல்லது நமக்கு மட்டும் தெரியும். அது எப்போது உரியவருக்குத் தெரியவரும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பல சமயம் தெரியவராமலே போய்விடும். அப்போது அந்த ரகசியத்தைச் சுமக்கிற ஒரே ஆள் பார்க்கிற நாம்தான். இந்தத் தொடரிடம் நான் சிக்கியது அங்கேதான்.

மூன்றாவது எபிசோடைச் சொல்லவேண்டும். தொக்சனுக்குப் பள்ளிச் சுற்றுலா, கியோங்ஜுவுக்கு. கையில் கொடுத்தனுப்ப அம்மாவிடம் பணம் இல்லை. மேல் வீட்டில் இருக்கிற ஜொங்ஹ்வானின் அம்மா மிரானிடம் கேட்கலாம் என்று படியேறிப் போகிறாள். உட்காருகிறாள். என்னென்னவோ பேசுகிறாள். கேட்க வந்த வார்த்தை மட்டும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. கேட்காமலே இறங்கி வந்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் மேல் வீட்டிலிருந்து வேகவைத்த சோளம் ஒரு கூடை வருகிறது. சோளத்தை எடுத்தால் அடியில் பண உறை.

இந்தக் காட்சியின் அழகு பணம் வந்ததில் இல்லை; வந்த விதத்தில் இருக்கிறது. கேட்காமல் போனவளின் மானம் கெடாதபடி, பிள்ளையின் கையில் கொடுத்தாலும் பிள்ளைக்குத் தெரியாதபடி, தினமும் போய்வருகிற தின்பண்டத்தின் அடியில் வைத்து அனுப்பியிருக்கிறாள். முதல் எபிசோடில் நாம் சிரித்துப் பார்த்த பாத்திர ஓட்டம் எதற்காக இருந்தது என்று இங்கே புரிகிறது. தினமும் ஏதோ ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தால்தான், உதவி தேவைப்படும் நாளில் அது உதவி என்று தெரியாமல் கைமாற முடியும். நன்றி சொல்லிக் கண்ணீர் விட்டுக் கட்டிக்கொள்ளும் காட்சியாக இதை நீட்டியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். உறையைப் பார்த்தவளின் முகத்தை மட்டும் காட்டிவிட்டுக் கதை நகர்கிறது. ஏழைக்கும் பணக்காரிக்கும் நடுவே இருக்கிற சிநேகத்தை இவ்வளவு கௌரவமாகக் காட்டிய வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை.

சொன்வூவின் அம்மா சொன்யோங்கின் கதையிலும் இதே கைவேலை தெரிகிறது. ஊரிலிருந்து அவளுடைய அம்மா வரப்போகிறாள். கஷ்டப்படுவது தெரிந்துவிடக் கூடாது என்று அண்டை வீடுகளில் கடன் வாங்கி வீட்டை நிறைத்துவைக்கிறாள். கிழவி எல்லாவற்றையும் பார்க்கிறாள், எதையும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அவள் பணமும் கடிதமும் வைத்துவிட்டுப் போயிருப்பது தெரிகிறது. மகள் போனை எடுக்கிறாள். அந்தப் பக்கம் தாயின் குரல் கேட்டதும் பேச்சு வராமல் அழுகிறாள். மகள் மறைத்தாள், அது தெரிந்ததைத் தாயும் மறைத்தாள். இரண்டு பொய்களும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. சொன்யோங்காக நடித்த கிம் சொன்யோங் அந்த அழுகையில் துளியும் அழகாகத் தெரிய முயலவில்லை. மூக்கும் முகமும் கோணிப்போய், பிள்ளைகள் அழுவதுபோல அழுகிறார்.

இத்தொடரின் அப்பா அம்மாக்கள் பெரும்பாலோருக்கு நடிகர்களின் சொந்தப் பெயரே பாத்திரப் பெயர். சொங் தொங்கில், லீ இல்ஹ்வா, ரா மிரான், கிம் சொங்க்யுன், சோய் மூசொங் எல்லாருமே அப்படித்தான். சங்முன்தோங்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது பெரும்பாலும் ‘சொன்வூ அம்மா’, ‘தொக்சன் அப்பா’ என்றுதான். நம் தெருக்களிலும் அப்படித்தானே. சொந்தப் பெயர் அரிதாகவே காதில் விழுகிறது. விழும்போது அந்த ஆளே ஒரு கணம் வேறு ஆளாகத் தெரிகிறார்.

தொடரின் இன்னொரு பெரிய சூட்சுமம், ஒரே நிகழ்ச்சியை ஒருவர் கண்ணால் முதலில் காட்டிவிட்டு, விடுபட்டதைப் பிறகு கொடுப்பது. இரண்டாவது எபிசோடில் தொக்சனின் பாட்டி இறந்துவிடுகிறாள். பிள்ளைகள் அழுதுகொண்டே கிராமத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். சாவு வீட்டிலோ அப்பா வந்தவர்களோடு குடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அத்தைமார் அரட்டையடிக்கிறார்கள். சீட்டாட்டம் நடக்கிறது. பெற்ற தாய் செத்ததற்குக்கூட அழாத ஜனங்களா என்று தொக்சன் திகைத்து நிற்கிறாள். அவளோடு நாமும்தான். நள்ளிரவுக்கு மேல் அமெரிக்காவிலிருந்து மூத்த பெரியப்பா வந்து சேருகிறார். அண்ணனைக் கண்டதும் அத்தனை பேரும் உடைந்து கதறுகிறார்கள். பகல் முழுக்க அவர்கள் வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அழுவதற்கு அண்ணன் வரவேண்டியிருந்தது. சாவு வீட்டுப் பந்தியைக் கவனித்துக்கொண்டே நின்ற யாருக்கும் இது தெரிந்த விஷயம். ஆனாலும் ஒரு பெண் பிள்ளையின் கோபத்தில் ஆரம்பித்து அங்கே கொண்டுவந்து விடுகிறபோது புதிதாகப் படுகிறது.

பழைய காலத்தைக் காட்டுவது சுலபம். டேப் ரிக்கார்டரும் பழைய போனும் பழைய பாட்டும் போதும். இங்கே அந்தக் காலம் வீட்டுக்குள் புகுந்து வேலை செய்கிறது. தரைக்குக் கீழே சூடு ஓடுகிற கொரிய வீடுகளில் அன்று எரித்தது துளைபோட்ட நிலக்கரிக் கட்டிகள். தரையில் வெடிப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு கசிந்து தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். முதல் எபிசோடில் ஓர் இரவு தொக்சன் வீட்டில் வாயு கசிகிறது. பெற்றோர் மூத்தவளையும் கடைக்குட்டியையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். நடுப்பிள்ளை தொக்சன் தானாகவே தவழ்ந்து வெளியே வந்து, வாயு தாக்கினால் கைமருந்தாகக் குடிக்கிற முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறாள். அந்தக் காலத்து எரிபொருள், அரைப்பாதாள வீட்டின் ஏழ்மை, நடுப்பிள்ளையின் இடம் மூன்றையும் ஒரே காட்சியில் சொல்லிவிட்டார்கள். அதே எபிசோடில் அக்கா பிறந்தநாள் கேக்கிலேயே தன் பிறந்தநாளையும் கொண்டாடி முடித்துவிடுகிறார்கள் என்று அவள் வெடித்து அழும்போது நமக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது. பிறகு அப்பா தனிக் கேக்கோடு சந்தில் காத்திருக்கிறார். அப்பாவாக இருப்பது தனக்கும் இதுதான் முதல் தடவை, அதனால் தப்புச் செய்கிறேன் என்கிறார். சொங் தொங்கிலின் கரகரத்த குரலில் அதைக் கேட்டவர்கள் மறப்பது கஷ்டம்.

1988 செப்டம்பர் ஒலிம்பிக்கும் அப்படியே வருகிறது. தொடக்க விழா அணிவகுப்பில் மடகாஸ்கர் நாட்டுப் பெயர்ப்பலகையைத் தூக்கித் தொக்சன் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறாள். அந்த நாடு போட்டியைப் புறக்கணித்துவிடுகிறது. வரலாற்றிலும் அது நடந்ததுதான். கடைசி நேரத்தில் உகாண்டாவின் பலகை அவளுக்குக் கிடைக்கிறது. உலகமே பார்த்த விழா ஒரு சந்துப் பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்பதுதான் இவர்களுக்கு முக்கியம். சர்வாதிகாரத்தை எதிர்த்து 1987இல் மாணவர்கள் எழுந்த நாட்டில், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற அக்கா போரா அடுத்த ஆண்டும் ஊர்வலங்களுக்குப் போகிறாள். தேடி வந்த போலீஸ்காரர்களிடம் கொட்டுகிற மழையில் நின்று, இவள் எப்பேர்ப்பட்ட பிள்ளை தெரியுமா என்று அம்மா மன்றாடுகிறாள். எனக்குத் தெரிந்து அரசியலை ஒரு தாயின் வாய் வழியாக இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சிகள் குறைவு. பின்னால் போராவின் கல்யாணத்துக்கு அன்றைய சட்டமே குறுக்கே நிற்கிறது. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் உள்ளவர்கள் மணக்கக் கூடாது என்ற அந்தத் தடையைக் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் 1997இல்தான் செல்லாது என்றது. சகோத்திரத் தடை தெரிந்த நமக்கு அந்தத் தவிப்பு உடனே பிடிபடும்.

பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளின் கொரியப் பாட்டுகளை இளம் பாடகர்களைப் பாடவைத்துப் போட்டிருக்கிறார்கள். சானுல்லிம் குழுவின் பழைய பாட்டு ஒன்றைக் கிம் பில் பாட, மூலத்தைப் பாடிய கிம் சாங்வானே கூடச் சேர்ந்து பாடியிருக்கிறார். அந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் உள்ள வயது வித்தியாசமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. தொக்சனின் கணவன் அந்த நான்கு பையன்களில் யார் என்று கடைசி வரை ஊகிக்க வைக்கும் விளையாட்டு, ‘ரிப்ளை 1997’, ‘ரிப்ளை 1994’ ஆகிய முந்தைய தொடர்களிலிருந்தே வருகிற பழக்கம். இங்கே அது தேவையே இல்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகவே நடுவில் சில எபிசோடுகளில் தொக்சனின் மனசை நம்மிடமிருந்து மூடிவிடுகிறார்கள். மற்ற எல்லாருடைய உள்ளத்தையும் திறந்து காட்டுகிற தொடரில் நாயகிக்கு மட்டும் அது மறுக்கப்படுவது அநியாயம். அசடு வழிகிற இடங்களில் ஆட்டின் கத்தலை ஒலியாகச் சேர்ப்பதும் சில இடங்களில் மிகை.

ஆனாலும் அந்த விளையாட்டிலிருந்துதான் ஜொங்ஹ்வானின் பதினெட்டாவது எபிசோடு கிடைத்தது. தொக்சனைத் தேடி அவன் காரில் விரைகிறான். சிவப்பு விளக்குகள் குறுக்கிடுகின்றன. போய்ச் சேரும்போது தெக் அங்கே முன்னால் நிற்கிறான், கோ என்றும் சொல்கிற பாதுக் பலகை விளையாட்டில் முக்கியமான ஓர் ஆட்டத்தையே விட்டுவிட்டு வந்தவன். தன்னைத் தோற்கடித்தது சிக்னல் விளக்கு அல்ல, எண்ணற்ற தடவை தான் தயங்கிய தயக்கம்தான் என்று ஜொங்ஹ்வான் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஜொங்ஹ்வானாக நடித்த ரியூ ஜுன்யோல் அந்த இடத்தில் அழவே இல்லை.

தெக்கின் பாத்திரத்துக்கு நிஜ மாதிரி ‘கல் புத்தர்’ என்று பேர் வாங்கிய பாதுக் வீரர் லீ சாங்ஹோ. பலகை முன்னால் உட்கார்ந்தால் தெக்கின் முகத்தில் ஒரு சலனமும் இராது. எழுந்து வந்தால் ஒரு காரியத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத பிள்ளை. நடிகர் பார்க் போ-கும் அவனை ஏறக்குறைய பேச்சில்லாமலே நடித்திருக்கிறார். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஜொங்ஹ்வானின் பின்னாலேயே போய்விடுவார்கள். கேமராவும் அவன் பக்கமே இருக்கும். இரண்டாம் தடவை பார்க்கிறவர்கள், ஐவரும் ஒரே அறையில் கிடக்கிற காட்சிகளில் ஓரத்தில் இருக்கிற தெக்கைக் கவனியுங்கள். அவன் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை ஆரம்ப எபிசோடுகளிலேயே காட்டியிருக்கிறார்கள்.