பெயர் எழுதாத தானம்

விந்து தானம் என்ற சொற்றொடரில் என்னை உறுத்துவது விந்து அல்ல, தானம். பாகூர் மண்ணுக்குத் தானம் புதிதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. விண்ணப்பித்தவன், கொடுத்தவன், பெற்றவர், நிலத்தின் எல்லை எல்லாம் அதில் இருக்கின்றன.

கூடவே அரசனின் வம்சாவளி. விஷ்ணு, பிரம்மா, ஆங்கிரஸ், பிருகஸ்பதி, ஸம்யு, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன். இதில் துரோணர், மகாபாரதக் கதைப்படி, பரத்வாஜரின் விந்து ஒரு கலத்தில் காக்கப்பட்டுப் பிறந்தவர். (ஆய்வுக்கூடத்தை நாம் முன்பே கண்டுவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.) நான் கவனிப்பது வேறு. கலத்தில் பிறந்தவனையும் வரிசையிலிருந்து உருவிவிட வேண்டும் என்று அந்த ஏட்டை எழுதியவனுக்குத் தோன்றவில்லை. வம்சாவளி கற்பனைதான். ஆனால் பெயர் சொல்லிச் செய்த கற்பனை.

இனி நம் காலத்து ஏடு. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம், 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. விந்து கொடுப்பவன் 21 வயதுக்கும் 55க்கும் இடைப்பட்டவன். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறான். ஒருவனுடைய விந்து ஒரு தம்பதிக்கு மேல் போகக்கூடாது. அவனுக்குத் தகப்பன் உரிமை கிடையாது. அவன் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் வங்கியின் கோப்பில் ஏறுகின்றன. கோப்பு ரகசியம். நீதிமன்றம் சொன்னால் திறக்கும், மருத்துவ அவசரத்தில் தம்பதி கேட்டாலும் திறக்கும். பிறந்த பிள்ளை கேட்டால்? பிள்ளையை இந்தச் சட்டம் ஒரு தரப்பாகவே எண்ணவில்லை. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுநெறியாவது, அடையாளம் நீங்கலாக மற்றதைக் கேட்க 18 வயதில் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றது.

இலக்கியமும் பிள்ளையை விட்டுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) பொன்னாவின் தவிப்பை நம்முள் இறக்குகிறது. திருவிழாக் கூட்டத்தில் வரும் முகம் தெரியாதவனைச் சாமி என்கிறது ஊர் வழக்கம். அந்தச் சொல்தான் அன்றைய ரகசியக் கோப்பு. 2014 இறுதியில் கிளம்பிய எதிர்ப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தந்த தீர்ப்பும் மானம், சாதி, கருத்துரிமை பற்றியவை. பாகூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர், இப்படி ஒரு சிகிச்சைப் பேச்சு வந்தபோது என்னிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: "நம்ம ஆளுங்களோடதுதானே?" நோய் பற்றி அவர் கேட்கவில்லை.

சோதனையை நம்பி நிம்மதியாக இருந்துவிடலாம் என்கிறவர்களுக்கு ஐரோப்பாவைக் காட்டவேண்டும். டென்மார்க்கின் விந்து வங்கி ஒன்றில் ஒருவன் கொடுத்த விந்தில் குறைந்தது 197 குழந்தைகள் பிறந்திருப்பது 2025இல் வெளிப்பட்டது. புற்றுநோயைத் தடுக்கவேண்டிய டிபி53 மரபணுவில் பிறழ்வு. அவன் ஆரோக்கியமானவன். பிறழ்வு அவனுடைய விந்தணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் இருந்ததால் வழக்கமான சோதனையில் சிக்கவில்லை. சில குழந்தைகள் இறந்துவிட்டன. நம் சட்டத்தின் ஒரு தம்பதி விதி இந்த எண்ணிக்கையைத் தடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் சோதனை, தருகிற அன்றோடு முடிகிறது. முப்பது வயதில் அவனுக்கு வரும் நோய் எந்தக் கோப்பில் ஏறும்? யார் போய்ப் பிள்ளையிடம் சொல்வது?

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வில்லியனூரில் கொம்யூன் என்ற சொல் மட்டும் மிஞ்சவில்லை, பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்களும் மிஞ்சின. அண்ணன் பாரிசில், தம்பி வில்லியனூரில் என்று வைத்துக்கொள்வோம். இருவர் வீட்டிலும் தானத்தில் பிறந்த பிள்ளை. பிரான்ஸ் 2021 ஆகஸ்டில் சட்டத்தை மாற்றியது. 2022 செப்டம்பரிலிருந்து விந்து தருகிறவன், பிள்ளை வயதுக்கு வந்து கேட்டால் தன் பெயர் சொல்லப்படும் என்று ஒப்புக்கொண்டுதான் தரமுடியும். அதே 2021 டிசம்பரில் நம் நாடாளுமன்றம் கோப்பை மூடியது. அண்ணன் பிள்ளை 18 வயதில் மனுப் போடலாம். தம்பி பிள்ளை புதுச்சேரியில் ஒரு வக்கீலைத் தேடவேண்டும், அதுவும் தேடுவதற்கு ஏதோ இருக்கிறது என்று வீட்டில் யாராவது அதனிடம் சொல்லியிருந்தால்.