காவலுக்குக் கூலி கொடுப்போர்

ஒரு பொது நிறுவனத்தின் தன்மையை அறியச் சட்டப் புத்தகம் மட்டும் போதாது. அதன் வரவு செலவுக் கணக்கையும் நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும். மக்களின் முகவரி, நோய், கடன் முதலிய தனிப்பட்ட தரவுகளைக் காக்கவென எழுந்துள்ள அதிகாரசபைகளுக்கும் இது பொருந்தும். பிரித்தானியாவை உதாரணமாகக் கொள்வோம்.

அங்கே இப்பணிக்கான பிரதான வருமானம் பொது வரிப்பணமன்று. பிறர் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணமேயாகும். 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அதனை 40, 60, 2,900 பவுண் என மூன்று படிகளாக வகுத்தன. 2025 பெப்ரவரியில் அவை 52, 78, 3,763 பவுணாக உயர்ந்தன. தண்டப்பணம் திறைசேரிக்கே சேர்கிறது. வழக்குச் செலவுகளின் பொருட்டு ஆண்டுக்கு 75 இலட்சம் பவுண் வரை அதிலிருந்து வைத்துக்கொள்ள 2022இல் அனுமதி கிடைத்தது.

இவ்வேற்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. மக்களின் தரவுகளைப் பெருமளவில் வைத்திருப்பது அரசாங்கமே. அதனைக் கண்காணிப்போர் அதனிடமே கையேந்தி நிற்றல் தகாது. தண்டப்பணத்தில் வாழும் சபையோ நீதியை மறந்து வசூலை நாடக்கூடும்.

ஆயினும், பாரம் எவர் தோளில் விழுகிறது? பாதுகாப்புக் கமரா பூட்டிய சிறு கடைக்காரர் ஒருவரின் ஆண்டு வியாபாரம் 52,000 பவுண் என்போம். அவர் செலுத்துவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 376 கோடி பவுண் வியாபாரம் செய்யும் கம்பனி செலுத்துவதோ ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! 250 பேருக்கு மேற்பட்ட ஊழியரும் 3 கோடி 60 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வியாபாரமும் உடைய கம்பனிகள் யாவும், உலகையே வளைத்து நிற்கும் ஏகபோகங்கள் உட்பட, ஒரே படியில் அடங்குகின்றன. தரவையே மூலதனமாக்கி இலாபம் குவிப்போர்க்கு இக்கட்டணம் ஒரு தூசு. சமத்துவத்தின் பெயரால் நிலைபெறும் அசமத்துவம் இதுவே.

மேலும், கட்டண அளவை ஒழுங்குவிதியால் நிர்ணயிப்பவர் அமைச்சரே. எனவே, அரசாங்கத்தின் பிடி தளர்ந்ததேயன்றி விடுபடவில்லை. தகவல் ஆணையாளரின் இடத்தில் ஓர் ஆணைக்குழுவை அமைக்க 2025ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பெயர்மாற்றம் இக்குறையைத் தீர்க்காது.

இலங்கையும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையொன்றுக்கு வழிவகுத்தது. ஆதலால் இவ்வினா நமக்கும் உரியது. கட்டணம் வியாபாரத்தின் அளவிற்கேற்ப உயர்தல் வேண்டும். உச்சவரம்பு பெருமுதலாளிகளின் புகலிடமாதல் கூடாது. கணக்கு ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும். காவலனின் கூலியை எவர், எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்பது மக்களின் உரிமை.