ஒரே சந்தா: வாசகர் யார் என்பதை யார் தீர்மானிப்பது?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் ஆய்வாளர் நண்பர்கள் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் கொச்சைப்படுத்த மாட்டேன். 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பு நிறுவனங்கள். ஏறத்தாழ 13,000 இதழ்கள். நேற்றுவரை ஐஐடிக்காரர்களுக்கு மட்டும் கிடைத்ததை ஓர் அரசுக் கல்லூரி மாணவி இன்று படிக்க முடியும். இதை ஒரேயடியாக நிராகரிப்பது சோம்பேறித்தனம்.

என் கேள்வி வேறு. இத்திட்டம் யாரை வாசகர் என்று அங்கீகரிக்கிறது? அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களிலும் இருப்பவர்களை மட்டும். தொடங்கியபோது தனியார் கல்லூரிகள் இதில் இல்லை. சுயநிதிக் கல்லூரிகள் மண்டிக் கிடக்கிற தமிழ்நாட்டில் இதற்கு என்ன பொருள்னு விளக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கத் தோழர், மொழிபெயர்ப்பாளர், சிறுபத்திரிகைக்காரர் எல்லாம் கணக்கிலேயே வரவில்லை. அடையாள அட்டை இல்லாதவர் அறிவுக்கு அந்நியர் என்பதே இங்கு இயங்கும் சொல்லாடல்.

சில வருஷங்களுக்கு முன் கல்குவாரித் தொழிலாளர்களின் சிலிகோசிஸ் நோய் பற்றித் துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துக் குவாரி ஆட்களை மார்புப் படம் எடுத்து எழுதிய கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்திருந்தது. சுருக்கம் மட்டும் இலவசம்; முழுதும் படிக்க 35 டாலர். குவாரித் தோழர் ஒருவரிடம் சொன்னேன். "எங்க நெஞ்சுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க நாங்களே காசு கட்டணுமா?" என்றார். அறிவும் அதிகாரமும் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். அவர்களுடைய உடல் தரவாகிவிட்டது. அவர்கள் வாசகராக முடியவில்லை.

இதன் பொருளாதாரத்தில் மர்மம் ஒன்றுமில்லை. ஆய்வுக்கு நிதி பெரும்பாலும் பொதுப்பணம். எழுதியவருக்கு இதழ் காசு தருவதில்லை. சரிபார்க்கும் சக ஆய்வாளருக்கும் பொதுவாகத் தருவதில்லை. உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நெல்லும் நம்முது, குத்துக்கூலியும் நம்முது, அரிசியை மட்டும் விலைக்கு வாங்கணும்.

'திறந்த அணுகல்' என்ற முழக்கத்தை 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை முன்வைத்தது. மூலதனம் அதையும் செரித்துக்கொண்டது. படிக்க இலவசம், வெளியிடக் கட்டணம் என்றார்கள். அப்படி ஒரு கட்டுரையை வெளியிட 'நேச்சர்' இதழ் 2020இல் அறிவித்த தொகை 9,500 யூரோ. பூட்டு வாசகர் வாசலிலிருந்து எழுதுபவர் வாசலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், 2011இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கிய சை-ஹப். சந்தா இல்லாதவர்கள் புகுந்து போன சந்து அது. எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. சட்டப்படி அது மீறல்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பவருக்குச் சந்தா கட்டிய அதே ஆண்டில் வெளியே இருப்பவருக்குச் சந்தும் அடைபட்டது.

மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. பிரேசிலில் 1990களின் இறுதியில் தொடங்கிய சைலோ, பொதுநிதியில் இதழ்களை யாரும் படிக்கத் திறந்து வைத்தது. 2015இல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர்கள் எல்சவியரை விட்டு மொத்தமாக விலகி 'குளோசா'வைத் தொடங்கினார்கள். எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத முறைக்கு இப்போது 'வைர வழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதக் காசு கேட்காத பத்திரிகை நமக்குப் புதுசா என்ன? (அச்சுக்கூலிக்கு நகை கழற்றிக் கொடுத்த மனைவிகளின் பெயர் நம் ஆசிரியர் குழுக்களில் வந்ததேயில்லை; அது தனியாக எழுதவேண்டிய விமர்சனம்.)

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று 2014லேயே கொள்கை வெளியிட்டன. அதை எல்லாத் துறைகளுக்கும் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்கணும். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கணினியிலாவது அந்த 13,000 இதழ்களும் திறக்கணும். இப்போதைய சந்தா 2027 வரைக்கும்தான். அடுத்த பேரத்துக்கு அவர்கள் உட்காருவதற்குள் நம் கோரிக்கை எழுத்தில் போய்ச் சேரணும்.