கண்ணிகள் தந்த ஆறுதல்

துன்பம் வந்துற்றபோது சூஃபி ஞானியரின் பாடல்களை ஓதினால் நெஞ்சம் ஆறும் என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த நம்பிக்கை. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், அவ்வாறுதல் பாடலின் எவ்வுறுப்பிலிருந்து பிறக்கின்றது, அதனைப் பெறும் வேளையில் நாம் எதனை மறக்கின்றோம் என்னும் வினாக்களை நம் திறனாய்வாளர் போதிய அளவு எழுப்பினாரில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பாடல்களை முன்வைத்து அவ்வினாக்களை ஈண்டு எழுப்ப விழைகின்றோம்.

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வன்னியர் சங்கத்தின் ஒருவாரச் சாலை மறியல் தொடங்கியபோது நாம் திண்டிவனத்தில் இருந்தோம். புளியங்காடு என்னும் பொருளில் பெயர்பெற்ற அவ்வூரைச் சூழ்ந்த சாலைகளில் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டுக் கிடந்தன. விழுப்புரத்திலிருந்து பேருந்தில்லை, தாளிகையில்லை, வதந்தி மட்டும் தடையின்றி வந்துகொண்டிருந்தது. அப்போராட்டத்தில் உயிர் நீத்தோர் 21 பேர் என்பது பின்னர் நாடறிந்த செய்தி. நம் தந்தையார் மறைந்து நாற்பது நாள் நிறையாத வேளை அது. அன்னையார் இத்தாவில் இருந்தார். ஊர் அடைபட்டது ஒரு வாரம். அவர் அடைபட்டிருந்ததோ நான்கு மாதமும் பத்து நாளும். அட்டை கிழிந்த மஸ்தான் சாகிபு பாடற்றிரட்டை எடுத்துப் பராபரக்கண்ணியை அவர் ஓதுவார். இரண்டு கண்ணி ஓதுவார். அடுப்பைக் கவனிக்கச் செல்வார். மீண்டு வந்து விரல் பட்ட இடத்திலிருந்து தொடர்வார். விட்ட இடம் எது என்று அவர் தேடியதே இல்லை.

இதனை அன்று கவனக்குறைவு என்றே எண்ணினோம். இன்று நோக்குங்கால், அப்பாடலின் அமைப்பை நம்மினும் அவரே நன்கறிந்திருந்தார் எனத் தோன்றுகின்றது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களால் அமைந்த பெருங்காப்பியம். அதனை ஓதுவதற்கு முன்கதை நினைவில் நிற்கவேண்டும். பின்கதையில் நாட்டம் இருக்கவேண்டும். கலங்கிய நெஞ்சத்திற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணியோ ஈரடியில் பொருள் முற்றி, இறைவனை விளித்து நின்றுவிடுகின்றது. அடுத்த கண்ணியைத் தொடுவதும் விடுவதும் ஓதுவார் விருப்பம். ஒரே விளி மீண்டும் மீண்டும் வருதலால், ஓதுதல் ஒருவகையில் திக்ராகவே ஆகிவிடுகின்றது. ஆறுதலின் முதற்காரணம் கருத்தன்று, இம்மூச்சளவே என்பது நம் துணிபு.

இவ்வடிவம் மஸ்தான் சாகிபு அவர்கள் தாமே கண்டதன்று. தாயுமானவரின் பராபரக்கண்ணி 389 கண்ணிகளைக் கொண்டது. அதன் வழியிலேயே நம் ஞானியாரும் பாடினார். இதனைச் சொன்னால் நம்மவரிற் சிலர் முகம் சுளிக்கின்றனர். சுளிக்க வேண்டுவதில்லை. ஒரே யாப்பில் இருவர் பாடும்போதுதான் இருவர்தம் வேறுபாடும் விளங்கும். தாயுமானவரிடம் அடங்கியவரின் அமைதியைக் காண்கின்றோம். மஸ்தான் சாகிபு அவர்களிடமோ வாயிலில் நின்று விடாது தட்டுபவரின் பதற்றம். பேச்சுமொழியைத் தயக்கமின்றி எடுத்தாளுவார், தம்மையே இழித்துரைப்பார், இறைவனிடம் ஊடுவார். எல்லாம் நலமாகும் என்று அவர் எங்கும் உறுதி கூறவில்லை. துயருற்றாரை எரிச்சலூட்டுவது அத்தகைய உறுதிமொழியே என்பதை, மையித்து வீட்டில் ஒருநாள் அமர்ந்தவரும் அறிவர்.

அப்பதற்றம் வாழ்க்கையில் விளைந்தது. தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிறாகப் பிறந்து, கீழக்கரைத் தைக்கா சாகிபு அவர்களிடம் கற்று, மாமன் மகளை மணக்க இசையாது வீட்டைத் துறந்து, திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலை முதலாகப் பல மலைகளிலும் தனித்திருந்து, இறுதியில் சென்னை இராயபுரத்தில் 1838இல் மறைந்தவர் அவர்.

அவர் பாடிய யாவும் ஆறுதல் தரும் எனக் கூறமாட்டோம். யோகநெறிக் குறியீடுகள் செறிந்த பகுதிகள் உரையாசிரியர் துணையின்றிப் புலப்படா. சந்தத்தின் இனிமையில் பொருள் நழுவும் இடங்களும் உள. இறைவனைத் தலைவியாகக் கொண்ட மனோன்மணிக்கண்ணியைக் குறித்து ஆலிம்களிற் சிலர் கொண்ட தயக்கத்தை நாம் எள்ளவில்லை. எனினும் அது சொல்லணியே அன்றிக் கொள்கையன்று என்பாரையே சார்கின்றோம்.

மற்றொரு குறையையும் கூறவேண்டும். மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட சீமைக்கு அண்மையில் வளர்ந்தவர் அவர். 1832-33இன் குண்டூர்ப் பஞ்சம் சென்னை வரை ஏழையரைத் துரத்தி வந்த காலத்தவர். பாடல்களில் அவ்வரலாற்றைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர். ஊர்ப்பெயரும் நிகழ்ச்சியும் இன்மையாலேயே எவர் துயரும் அக்கண்ணிகளில் இடம்பெறுகின்றது. ஆயின், பிறர் துயர் கண்ணிற் படாது போகவும் அதுவே இடந்தருகின்றது.

சூஃபிக் கவிதை உலகைப் புறக்கணிப்பது என்பார்க்குத் தில்லிக் கவிஞர் மீர் தர்த் ஒரு விடை. 1739இல் நாதிர்ஷா தில்லியைச் சூறையாடினான். பின்னர் அப்தாலியின் படைகள் வந்தன. மீர், சௌதா போன்றோர் காலப்போக்கில் இலக்னோவுக்குப் பெயர்ந்தனர். மீர் தர்த் பெயரவில்லை. 1785இல் தில்லியிலேயே மறைந்தார். அவர் பாடலில் போர் குறைவாயினும், இருந்த இடத்தில் இருந்தமையே ஒரு செயலன்றோ?

நாம் அவ்வாறு இருந்தோமா? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டனர், குடிசைகள் எரிந்தன. அந்நாளில் நாம் அவ்வூரில் உறவினர் இல்லத்தில் இருந்தோம். அப்போதும் கதவுகள் சார்த்தப்பட்டன. அப்போதும் இதே திரட்டு விரிக்கப்பட்டது. கலவரம் நம்மைத் தொடவில்லை என்று பெரியவர்கள் ஷுக்ரு செய்தனர். கொல்லப்பட்டவர்களுக்காக ஒரு சொல் அவ்வீட்டில் எழுந்ததாக நமக்கு நினைவில்லை. நாமும் ஏதும் கேட்கவில்லை.

ஒன்பதாண்டு கழிந்து திண்டிவனத்தில், ஞானியார் தம் குற்றங்களை அடுக்கி மன்றாடும் இடத்தை ஓதிக்கொண்டிருந்த அன்னையார் நூலைச் சற்றே தாழ்த்தி, "விழுப்புரத்துலயும் இப்படித்தானே கதவைச் சாத்திக்கிட்டு ஓதிக்கிட்டிருந்தோம், தம்பி?" என்றார். நாம் விடை கூறவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை; கண்ணியைத் தொடர்ந்தார்.

நம் திறனாய்வு அத்தனையும் அவ்வொரு வினாவிற்கு அடிக்குறிப்பே. தம்மைத் தாமே குற்றஞ்சாட்டும் பாடலைப் பிறர் பாடலாக எண்ணி ஓதினால் அது தாலாட்டு. தம் வாக்காக ஓதினாரை அப்பாடல் உறங்க விடவில்லை. மஸ்தான் சாகிபு அவர்களின் ஆற்றல் இவ்விரண்டாம் வகையிலேயே உள்ளது என்போம். முதல்வகைக்கே நாம் அவரை மிகுதியும் பயன்படுத்தி வந்துள்ளோம்.

பதிப்பிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். கண்ணிகளை மட்டும் தனியே பிரித்து, அரபுச் சொற்களுக்கும் யோகக் குறியீடுகளுக்கும் பக்கத்தின் அடியில் சுருங்கிய பொருள் தந்து, பெரிய எழுத்தில் அச்சிடுக. அன்னையார் தம் இறுதி நாள்களில் அத்திரட்டைக் கண்ணருகே கொண்டுசென்றும் எழுத்துத் தெரியாது, நம்மை அழைத்து ஓதச் சொல்வார்.