எந்த எலும்புக்கு நிகர்?

எலும்பு சிதைந்த இடத்தில் நுண்துளைச் சாரம் ஒன்றைப் பொருத்தினால், அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளரும். சாரம் மெல்லக் கரைந்துவிடும். இதற்கென ஐதராக்சி அபடைட்டைப் பாலிமருடன் கலக்கிறார்கள். முன்னது விறைப்பானது, ஆனால் சட்டென உடையும். பின்னது வளைந்து கொடுக்கும். கலப்பது நல்ல யோசனையே.

ஆனால், 'எலும்புக்கு நிகரானது' என்று இச்சாரங்களைப் புகழ்ந்து எழுதுவதை ஏற்பதற்கில்லை. எந்த எலும்புக்கு? தொடையெலும்புத் தண்டின் யங் குணகம் 10 முதல் 20 கிகாபாஸ்கல் வரை இருக்கும். துளையில்லாக் கலவைக்கு 10 என்றே வைத்துக்கொள்வோம். செல்களும் இரத்தக் குழாய்களும் நுழைய 70 விழுக்காடு துளை விட்டால் எஞ்சும் பொருள் 0.3 பங்கு. விறைப்போ ஏறத்தாழ அதன் வர்க்கத்தின்படி குறையும், அதாவது 0.09 பங்கு. ஆக, 10 என்பது 0.9 ஆகிவிடுகிறது! மூட்டருகே உள்ள பஞ்செலும்புக்கு இது போதும், தண்டுக்குப் போதாது. அதுவும் முதல் நாள் கணக்கு. பாலிமர் கரையக் கரைய இன்னும் இறங்கும். எத்தனையாவது வாரத்தில் அளந்தார்கள் என்பதைப் பல கட்டுரைகள் சொல்வதே இல்லை.

1980களில் லண்டனில் பான்ஃபீல்டு குழுவினர் ஐதராக்சி அபடைட்டைப் பாலிஎத்திலீனுடன் கலந்தனர். அதில் துளையும் இல்லை, அது கரைவதும் இல்லை. அப்படியிருந்தும் அது பயன்பட்டது நடுச்செவி போன்ற சுமை குறைந்த இடங்களில்தான்.